'எந்த நாட்டுல இருந்து வந்தீங்க?' - ரிக் வண்டிக்காரரைக் காப்பாற்றிய ஒரு கேள்வி

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டு ஆசாரத்தில் பெட்டி ஒன்று திறந்து கிடக்கிறது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, மிளகாய்த்தூள், இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், ஒரு பாட்டில் மாங்காய்த் தொக்கு. உகாண்டாவுக்குப் போகிற மகனுக்காக அம்மா நான்கு நாள்களாகச் செய்து சேர்த்தவை. விமானத்தில் 30 கிலோதான் அனுமதி. எடை மெஷின் 31 காட்டுகிறது.

"ஏனுங்க, ஊறுகாய்ல ஒண்ணை எடுத்துரட்டுங்களா?" என்று மனைவி கேட்கிறார்.

"அந்தக் கொசுவலையை எடுத்துட்டா சரியாப் போயிரும்ல கண்ணு? போற எடத்துல ஒண்ணு வாங்கிக்கலாம்" என்கிறார் அம்மா.

அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்து வெளியே வைக்கிறார்.

போன முறை இதே பெட்டியில் கொசுவலை இல்லை. மாத்திரையும் இல்லை. ஊறுகாய் மட்டும் நிறைய இருந்தது. அந்தப் பயணம் கோவையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய் முடிந்தது.

போர் போடப் போன இடம்

ரிக் வண்டிகளுக்குப் பெயர்போன ஊர் திருச்செங்கோடு. இந்தியாவின் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டினாலும், வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் கொங்குத் தமிழ் வர வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இங்கிருந்து வண்டிகள் போகின்றன, கூடவே ஆட்களும் போகிறார்கள். 34 வயதாகும் அவரும் அப்படிப் போனவர்தான். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று 12 வருடம் டிரில்லராகச் சுற்றியவருக்கு, தங்கை கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தபோது உகாண்டா வாய்ப்பு வந்தது. சம்பளம் இங்கே வாங்குவதைப்போல இரண்டு மடங்கு.

கிளம்பும் முன் சென்னைக்குப் போய், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஓர் ஊசி போட்டுக்கொண்டார். மஞ்சள் நிற அட்டை ஒன்று கொடுத்தார்கள். "ஆப்பிரிக்கா போறதுக்கான ஊசி போட்டாச்சு" என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினார். அவர் மனதில் அந்த ஒரு ஊசியே எல்லா நோய்க்கும் காவல்.

அது மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. பாதிப்பு உள்ள நாடுகளுக்குப் போய்வருபவர்களிடம் இந்திய விமான நிலையங்களில் அந்த அட்டையைக் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால், அதற்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள் காய்ச்சல் வைரஸால் வருவது. மலேரியா, பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. இரண்டையும் பரப்பும் கொசுக்களும் வேறு வேறு. மலேரியாவுக்கும் இப்போது தடுப்பூசி உண்டு, அதில் ஒன்றைப் புனேயில்தான் தயாரிக்கிறார்கள். ஆனால், அவை நோய் அதிகமுள்ள பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. பயணம் போகிற பெரியவர்களுக்கு இன்றுவரை மாத்திரையும் கொசுவலையும்தான் காவல்.

இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

சக்கரம் பதிந்த பள்ளம்

கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கிருந்து என்டெபே. பிறகு சாலை வழியாக நாட்டின் வடக்குப் பக்கம். பார்க்கும் இடமெல்லாம் பச்சை, செம்மண், வாழை. "நம்ம பவானிப் பக்கம் மாதிரியே இருக்குது" என்று முதல் நாள் வீடியோ காலில் காட்டினார்.

போர் வேலை என்பது நேரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. பாறை விட்டுக்கொடுக்கும்வரை ராடு இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் ஆரம்பித்தால் வெடியால வரைக்கும் ஓடும். வேலை முடிந்ததும் வண்டிக்குப் பக்கத்திலேயே தார்ப்பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். உடம்பெல்லாம் புழுதி, புழுக்கம் வேறு. சட்டையைக் கழற்றிப் போட்டுத்தான் தூக்கமே வரும்.

மலேரியாவைப் பரப்புவது பெண் அனாஃபிலிஸ் கொசு. டெங்குக் கொசு பகலில் கடிக்கும். இது பொழுது சாய்ந்து விடியும்வரை கடிக்கும். அதாவது, அவர்கள் வெற்று உடம்போடு கிடக்கிற அதே நேரம். ஆப்பிரிக்காவில் நோயை அதிகம் பரப்பும் வகைக்கு முட்டையிட குளமோ சாக்கடையோ தேவையில்லை. வெயில் படுகிற சின்னச் சின்ன மழைத்தண்ணீர்க் குட்டைகள் போதும். மாட்டுக் குளம்பு பதிந்த குழி, லாரிச் சக்கரம் அழுத்திய பள்ளம் இவையெல்லாம் அதற்குப் பிரசவ அறை. ஈரமண்ணில் கனமான ரிக் வண்டி போன தடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தங்கள் வண்டி போட்ட பள்ளத்துக்குப் பக்கத்திலேயேதான் அவர்கள் தினமும் படுத்திருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-ம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. 5,97,000 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களில் நூற்றுக்கு 95 ஆப்பிரிக்கப் பகுதியில். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நோயாளிகள் அதிகமுள்ள நாடுகளின் வரிசையில் நைஜீரியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகியவற்றுக்கு அடுத்து வருவது உகாண்டா.

ஆனால், அங்கே அவர் கண்ணால் பார்த்தது வேறு. கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள், "மலேரியா வந்திருக்கு" என்று நம் ஊரில் சளி பிடித்திருக்கிறது என்பதுபோலச் சொல்வார்கள். ஒரு நாள் படுப்பார்கள், மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார்கள். "அவ்வளவுதானா இந்தச் சீக்கு" என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அங்கேதான் கணக்கு தப்பியது. சிறு வயதிலிருந்தே திரும்பத் திரும்ப மலேரியா வந்து, பிழைத்து வளர்ந்தவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு சக்தி இருக்கும். அது அரைகுறைக் கவசம்தான், என்றாலும் கவசம். திருச்செங்கோட்டிலிருந்து போகிறவருக்கு அது துளியும் கிடையாது. ஒரே கொசு இருவரையும் கடித்தாலும், ஒருவருக்கு ஒரு நாள் காய்ச்சல், இன்னொருவருக்கு உயிரே போகலாம். அங்கேயே பிறந்து வளர்ந்து வெளிநாட்டில் குடியேறியவர்கள்கூட, சில வருடங்கள் கழித்து ஊருக்குப் போகும்போது அந்தக் கவசத்தை இழந்திருப்பார்கள் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

பாதி மாத்திரை

ஆறாவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கிப்போட்டது, போர்வை மேல் போர்வை போட்டும் அடங்கவில்லை. பிறகு வேர்த்துக் கொட்டியது. பக்கத்து டவுனில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். 24 மாத்திரைகள் கொண்ட அட்டையைக் கொடுத்தார்கள். வேளைக்கு நான்கு, மொத்தம் ஆறு வேளை, மூன்று நாள் கணக்கு.

முதல் நாள் இரண்டு வேளை போட்டார். மறுநாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. வேலை நின்றால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் வேறு. எழுந்து வண்டிக்குப் போய்விட்டார். மீதி 16 மாத்திரைகள் சட்டைப் பையில் கிடந்தன.

அந்த வாரமே கூட இருந்த ஹெல்பர் பையனுக்கும் குளிர் காய்ச்சல். பக்கத்து ஊர்க்காரப் பையன், 22 வயது. அவரை நம்பித்தான் அவனுடைய அம்மா அனுப்பியிருந்தார். "இந்தா, இதைப் போட்டுக்கோ. எனக்கு ரெண்டே வேளையில கேட்டுச்சு" என்று மீதி மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. போனில், "நல்லாருக்கறேன், நீங்க எப்படி இருக்கறீங்க?" என்பதோடு முடித்துக்கொண்டார்.

டெங்கு சீசனில் வந்த காய்ச்சல்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஊருக்கு வந்தார். ஒறம்பரைக வந்தார்கள், போனார்கள். குழந்தைகளுக்குத் துணி எடுக்க ஈரோடு போய்வந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் உடம்பு சுட ஆரம்பித்தது.

பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். கூட்டம் நெரிந்தது. ஐப்பசி மழைக்காலம், எங்கே பார்த்தாலும் காய்ச்சல். "ஒரு வாரத்துக்குள்ள வெளியூர் எங்கயாச்சும் போனீங்களா?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க. பத்து நாளா வீட்லதானுங்க இருக்கறேன்" என்றார். அது உண்மைதான், பொய்யில்லை.

வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது நாளும் விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. "சில சமயம் அப்படித்தான் காட்டும், டெங்கு மாதிரிதான் தெரியுது" என்றார்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று வீட்டில் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்தார்கள். மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான்காம் நாள் காலையில் கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் கறுத்துப் போனது. மதியம் மனைவியைப் பார்த்து, "கேசிங் பைப் இறக்கிட்டாங்களா?" என்று கேட்டார். மனைவிக்கு அடிவயிறு கலங்கிப்போனது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆத்தாவுக்கு 80 வயதுக்கு மேல். பேரனைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் சொன்னார். "உங்கப்பாரும் இப்படித்தான் கெடந்தாரு. குளிரும், வேர்க்கும், பொறவு ஒண்ணுமே இல்லாத மாதிரி எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. அடுத்த நா மறுபடியும் தூக்கிப்போடும். வால்பாறை எஸ்டேட்டுக்குப் போயிட்டு வந்தப்ப. இது மலைக்காச்சல் அம்மணி. இவன் எந்த மலைக்குப் போனான்?"

அந்தக் கேள்வியில்தான் மனைவிக்குப் பொறி தட்டியது. மலைக்குப் போகவில்லை. ஆனால், ஆப்பிரிக்காவுக்குப் போனாரே.

பீளமேட்டில் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணனுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸில் கோவை. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் படுக்கைக்கு அருகில் வருவதற்குள், மனைவி பாஸ்போர்ட்டையும் மஞ்சள் அட்டையையும் நீட்டிவிட்டார்.

"எந்த நாட்டுல இருந்து வந்தீங்க? என்னைக்கு வந்தீங்க?" மருத்துவரின் முதல் கேள்வி அதுதான்.

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். மலேரியா வகைகளில் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதற்கு. மூளை, சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகத் தாக்கக்கூடியது. தாமதித்தால் ஒரே நாளில் நிலைமை கைமீறிவிடும். உடனே ஆர்ட்டிசுனேட் ஊசி. 12 மணி நேரம் கழித்து அடுத்தது, 24-ம் மணி நேரத்தில் இன்னொன்று, பிறகு தினமும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள்கள்.

ஆறாவது நாள் நினைவு தெளிந்து உட்கார்ந்தவரிடம், மருத்துவர் அமைதியாக எல்லாவற்றையும் கேட்டார். பாதியில் நிறுத்திய மாத்திரைக் கதையும் வெளியே வந்தது. அழியாமல் மிச்சமிருந்த ஒட்டுண்ணி மறுபடி பெருகியிருக்கலாம், அல்லது கிளம்புவதற்கு முன் புதிதாக ஒரு கொசு கடித்திருக்கலாம். ஃபால்சிபாரம், கொசு கடித்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரியும். வைவாக்ஸ் போன்ற வகைகள் கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு எழுந்து வரும்.

"அதனாலதான், வெளிநாடு போயிட்டு வந்து ஒரு வருஷம்வரைக்கும் எந்தக் காய்ச்சல் வந்தாலும், டாக்டர் கேட்கறதுக்கு முன்னாடியே நாட்டுப் பேரை நீங்க சொல்லிடணும்" என்றார் மருத்துவர்.

அவர் அடுத்து செய்த வேலை, மனைவியின் போனை வாங்கி உகாண்டாவில் இருந்த ஹெல்பர் பையனுக்குப் பேசியது. பையன் போனை எடுத்தான். "ரெண்டு நாளா மறுபடி காச்சல்ங்ணா. மாத்திரைதான் தீந்துபோச்சு" என்றான்.

மனைவியும் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு வருடம் பாறையோடு மல்லுக்கட்டிய மனிதர் அழுதார். அன்று இரவே அங்கிருந்த சூப்பர்வைசரிடம் பேசி, பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வைத்தார். அவனுக்கும் மலேரியாதான். இந்த முறை முழு மருந்தும் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

நமக்குத் தெரியாத நோயா?

ஆத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்கு ஏன் தெரியவில்லை? அவர் காலத்தில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் காய்ச்சலை எதிர்பார்த்தே போவார்கள். எஸ்டேட்டில் 'கொய்னா' என்ற கசப்பு மருந்து கொடுப்பார்கள். அதுதான் குவினைன். சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. 1860-களில் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு நீலகிரியில் பயிரிடப்பட்ட மரம் அது. நடுவட்டத்தில் குவினைன் தயாரிக்கும் ஆலை இருந்தது. ஆனைமலையிலும் சின்கோனாத் தோட்டம் போட்டார்கள். வால்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு இன்றும் 'சின்கோனா' என்றுதான் பெயர். பஸ் போர்டிலேயே அந்த மருந்தின் வரலாறு எழுதியிருக்கிறது.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு முதல் ஆதாரத்தைக் கண்ட ரொனால்டு ராஸுக்கும் இந்தப் பக்கத்தோடு தொடர்பு உண்டு. 1897-ல் விடுப்பில் ஊட்டிப் பக்கம் வந்தவர், சீகூர் மலைப்பாதைப் பகுதியில் தானே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ம் தேதி, செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். 1902-ல் நோபல் பரிசு பெற்றார். ஆகஸ்ட் 20-ஐத்தான் இன்று உலக கொசு தினம் என்கிறோம்.

சுதந்திரம் கிடைத்தபோது இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அந்தக் கால மதிப்பீடு. 1953-ல் தேசியத் திட்டம் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கினார்கள். கொங்குப் பகுதியில் இப்போது அது அரிதான நோய். நல்ல விஷயம்தான். ஆனால், அரிதாகிப்போன நோய் மறந்தும் போகிறது. குளிர் காய்ச்சல் என்றால் டெங்கு, சிக்குன்குனியா, டைபாய்டு என்று யோசிக்கிறோம். மலேரியா நினைவுக்கே வருவதில்லை.

இந்த முறை பெட்டியில் என்ன இருக்கிறது?

கடன் இன்னும் முடியவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி உகாண்டா. வீட்டில் யாருக்கும் மனமில்லை. "போறதுன்னா ஒழுங்கா டாக்டரைப் பார்த்துட்டுப் போகட்டும், இல்லைனா வேண்டாம்" என்று மனைவி ஒரே பிடியாக நின்றார்.

பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே கோவைக்குப் போய் அதே மருத்துவரைப் பார்த்தார்கள். எல்லா வெளிநாட்டுக்கும் மலேரியா மாத்திரை தேவையில்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார்கள். 1934-35-ல் சுமார் 80,000 பேரை மலேரியாவுக்குப் பலிகொடுத்த இலங்கை, 2016-ல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. மாலத்தீவு அதற்கு முந்தைய ஆண்டே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால், சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள், வேலைக்கோ, வியாபாரத்துக்கோ, சிங்கம் பார்க்க சஃபாரிக்கோ, கட்டாயம் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மாத்திரையும் கிடையாது. வாரம் ஒன்று போடுகிற மெஃப்ளோகுயின் மாத்திரையை இரண்டு, மூன்று வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். வலிப்பு, மனநலப் பிரச்னை இருந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். சிலருக்குத் தலைசுற்றல் வரும் என்பதால், கனரக இயந்திரம் இயக்குபவர் என்று தெரிந்ததும் மருத்துவர் அதை வேண்டாம் என்றார். அவருக்கு எழுதியது தினமும் போடுகிற டாக்ஸிசைக்ளின். பயணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது, நெஞ்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது. இன்னொன்று, அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற கூட்டு மருந்து. ஊர் திரும்பிய பிறகு அதை ஏழு நாள் போட்டால் போதும். டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் என்றால் நான்கு வாரம் தொடர வேண்டும்.

"ஊருக்கு வந்தப்புறம் எதுக்குங்க மாத்திரை? இங்கதான் அந்தக் கொசு இல்லையே?" என்று அவர் கேட்டார்.

கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேராக ரத்தத்தில் தங்குவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே பல மடங்கு பெருகும். பிறகுதான் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களை உடைக்கும். அப்போதுதான் காய்ச்சல் தெரியும். டாக்ஸிசைக்ளின் முக்கியமாக வேலை செய்வது ரத்தத்தில். கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கடித்த கொசுவின் கணக்கு, ஊருக்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட ரத்தத்துக்கு வரலாம். அப்போது மாத்திரை அங்கே காவல் இருக்க வேண்டும்.

மாத்திரை போட்டாலும் நூறு சதவிகிதப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மருத்துவர் சொல்லியனுப்பினார். பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட். வெளியே தெரிகிற தோலில் டீட் கலந்த கொசு விரட்டி களிம்பு. மருந்து தோய்த்த கொசுவலைக்குள் தூக்கம், வலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். வண்டித் தடத்தில் தேங்குகிற தண்ணீரை அன்றன்றே மண் தள்ளி மூட வேண்டும். மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் இங்கிருந்தே வாங்கிப் போவது நல்லது. போலி மருந்துகள் புழங்கும் சந்தைகள் அங்கே உண்டு. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மலேரியா என்றால், காய்ச்சல் விட்டாலும் விடாவிட்டாலும் கடைசி மாத்திரைவரை போட வேண்டும். யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது.

கடைசி வரியைச் சொல்லும்போது மருத்துவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாவது வலை

இந்த முறையும் அந்த ஹெல்பர் பையன் கூட வருகிறான். போன வாரம் அவனுடைய அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். பையனுக்கு மீதி மாத்திரை கொடுத்ததை இவரே போய்ச் சொல்லியிருந்தார். வந்தவர் கோபமாக எதுவும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "உங்களை நம்பித்தான் மறுபடி அனுப்பறேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எடை மெஷின் இப்போது 30 காட்டுகிறது. மனைவி பெட்டியை மூடப் போகிறார். அவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். பீரோவுக்கு மேலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். இன்னொரு கொசுவலை.

"இது யாருக்குங்க?"

"பையனுக்கு. அவன் எங்கடா வாங்கப் போறான்."

அம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டே இன்னொரு ஊறுகாய் பாட்டிலையும் தொக்கையும் தானே எடுத்து வெளியே வைக்கிறார்.

சுவரில் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் மாதக் காலண்டர் ஒன்று புதிதாகத் தொங்குகிறது. அவர் திரும்பி வருகிற தேதியை மனைவி பச்சை மையில் வட்டமிட்டிருக்கிறார். அதிலிருந்து சரியாக நான்கு வாரம் தள்ளி, சிவப்பு மையில் இன்னொரு வட்டம். அதற்குக் கீழே 'மாத்திரை முடியுது' என்று எழுதியிருக்கிறது. ஊருக்கு வந்து சேர்ந்ததும் விருந்து வைக்கலாமா என்று மாமியார் கேட்டதற்கு, சிவப்பு வட்டத்தன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் அத்தை என்று சொல்லிவிட்டாராம்.